கை பொறுக்கும் சூடு

குழந்தைக்காக ஆஸ்பத்திரி படியேறிய முதல் நாளே டாக்டரம்மாவிடம் கோபித்துக்கொண்டு வந்தவன் நான். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். நூறு பேருக்குச் செய்தால் எத்தனை பேருக்குக் குழந்தை நிற்கிறது என்று கேட்டேன். அவர் ஒரு எண் சொல்லவில்லை.

சென்னை போகிற வழியெல்லாம் பெரிய பெரிய பலகைகளில் வெற்றி விகிதத்தை எழுதி, பக்கத்தில் ஒரு கொழுகொழு குழந்தையின் படத்தையும் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த அம்மாவோ, எதை வெற்றி என்று எண்ணுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள் என்றார். சோதனையில் இரண்டு கோடு வந்தால் வெற்றியா, இதயத் துடிப்பு தெரிந்தால் வெற்றியா, பிள்ளையைக் கையில் வாங்கினால் வெற்றியா? மூன்றுக்கும் மூன்று எண் வரும், வயதுக்கு வயது அதுவும் மாறும் என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் பட்டுக்குச் சாயம் போடுகிறவன். சாயம் போகுமா என்று கேட்கிற வாடிக்கையாளரிடம் ஒருநாளும் நான் 'தெரியாது' என்று சொன்னதில்லை. கண் சிமிட்டாமல் "போகாது" என்பேன். படித்த அம்மாவுக்கு அந்தத் தைரியம்கூட இல்லையே என்று வழியெல்லாம் மனைவியிடம் புலம்பிக்கொண்டு வந்தேன். அவள் வண்டியின் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தாள்.

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருஷமும் சோதனை எல்லாம் அவளுக்குத்தான். ரத்தம் கொடுத்தது, ஸ்கேனுக்காகத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, செவ்வாய் வெள்ளி விரதம் இருந்தது எல்லாம் அவள்தான். என்னையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் இந்த டாக்டரம்மாதான். பார்த்தார்கள். கோளாறு என்னிடம் இருந்தது. விந்தணு எண்ணிக்கை குறைவு, இருக்கிறவற்றிலும் பாதிக்கு மேல் நகரவில்லை.

டாக்டரம்மா என் கைகளைப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். என் நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும், அன்றைக்கு அரக்கு. சொன்னேன். கொதிக்கிற தொட்டிக்கு எவ்வளவு கிட்டே நிற்பீர்கள் என்றார். கிட்டே என்ன, இடுப்பு உயரத் தொட்டி, அதை ஒட்டித்தான் நாளெல்லாம் நிற்பேன் என்றேன். சூடு விந்தணுவுக்கு ஆகவே ஆகாது, புதிதாக உருவாகி வருவதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும், அதனால் மூன்று மாதம் தொட்டியிடம் போகாதீர்கள் என்றார். பிறகு மனைவியின் முட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு விந்தணுவைப் பொறுக்கி ஊசியால் செலுத்தும் முறையைச் செய்யலாம் என்றார்.

வெளியே வந்ததும் நான் மனைவியிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "எங்கம்மாவுக்கு இது தெரிய வேணாம்மா." எழுதவே கூசுகிறது. அவள் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். சரி, எனக்கு வயித்துல கட்டி இருக்குதுன்னு சொல்லிக்கலாம் என்றாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அப்படியே சொல்லவும் செய்தாள்.

மூன்று மாதம் பட்டறையில் நான் ஒரு வேடிக்கைப் பொருளாக இருந்தேன். வாசல்படிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே நிற்கிற ஆட்களுக்கு அங்கிருந்தே நிறம் சொன்னேன். முதுகுவலி என்று கதை விட்டிருந்தேன். மனசெல்லாம் உள்ளே இருந்தது. தண்ணீர் பதமாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கிற வேலை மட்டும் என்னுடையதாகவே இருந்தது. ஒரு குவளையில் மொண்டு வாசலுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள், நான் விரலை விட்டுச் சொல்வேன். கை பொறுக்கும் சூடு, கை பொறுக்காத சூடு, இவ்வளவுதான் எங்கள் அளவு. பட்டறைச் சுவரில் ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது. முதலாளி வாங்கி மாட்டியது. இருபது வருஷமாக அதை ஏறிட்டுப் பார்த்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

அந்த மூன்று மாதமும் நான் பயந்த பயம் கொஞ்சமல்ல. வெந்நீரில் குளிக்கவில்லை. வண்டி சீட் வெயிலில் காய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்தேன். மடியில் யாராவது சூடான சாப்பாட்டுத் தட்டை வைத்தால் துள்ளி எழுந்தேன். அம்மா என்னைப் பார்த்து, முதுகுவலிக்கு இப்படி ஒரு வைத்தியமா என்று கேட்டாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. விந்து மாதிரி கொடுக்க ஆஸ்பத்திரியில் ஓர் அறை வைத்திருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு வாஷ்பேசின், சுவரில் ஒரு அருவிப் படம். கதவுக்கு அந்தப் பக்கம் நர்ஸ்கள் காலைச் சிற்றுண்டி பற்றிப் பேசுவது அட்சரம் பிசகாமல் கேட்கும். முதல் பரிசோதனைக்கு எப்படியோ கொடுத்துவிட்டேன், அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. எதற்கும் ஒரு மாதிரியை முன்கூட்டியே எடுத்து உறையவைத்துக்கொள்வோம் என்று டாக்டரம்மா சொன்னார். மூன்று முறை போனேன், மூன்று முறையும் வெறும் டப்பாவோடு திரும்பினேன். கடைசியில், வீட்டிலேயே எடுத்து அரைமணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள், குளிர்ந்துபோகாமல் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொண்டு வாருங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

முட்டை எடுக்கிற நாள் கார்த்திகையில் வந்தது. மூன்று நாளாக விடாத மழை. எங்கள் வீடு செவிலிமேட்டில். பாலாற்றுப் பக்கத்திலிருந்து வீசுகிற காற்றுக்குப் பல் கிடுகிடுத்தது. அம்மாவை முந்தின நாளே ஐயம்பேட்டையில் அக்கா வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். காலை ஆறரைக்கு மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, கையெழுத்துப் போடுகிற இடத்திலெல்லாம் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். உள்ளே போகும்போது அவள் திரும்பிப் பார்த்து, மழையில வேகமா ஓட்டாதீங்க என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் வேலை முடிந்தது. டப்பாவை மூடி, ஜிப் வைத்த கவரில் போட்டு, சட்டைக்குள் வைத்துப் பார்த்தேன். சட்டை ஏற்கெனவே ஈரம். உடம்பே ஐஸாகக் கிடந்தது. வெளியே தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். வழக்கமாகப் பதினைந்து நிமிஷத்தில் போகிற தூரத்துக்கு இன்றைக்கு எவ்வளவு ஆகுமோ தெரியாது. குளிர்ந்துபோகக் கூடாது, குளிர்ந்துபோகக் கூடாது என்று மண்டைக்குள் அதே வார்த்தை ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சமையலறை மேடையில் மனைவியின் பிளாஸ்க் கண்ணில் பட்டது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அவளுக்கு வேலை. மதியச் சாப்பாட்டை அந்த அகலவாய் பிளாஸ்க்கில்தான் கொண்டுபோவாள். அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் சுடவைத்தேன். விரலை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று உடம்புச் சூட்டில் இருந்தது. அப்படித்தான் என் விரல் சொன்னது. இருபது வருஷமாக என் விரல் தப்பாகச் சொன்னதில்லை. பிளாஸ்க்கில் அந்தத் தண்ணீரை ஊற்றி, கவரோடு டப்பாவை உள்ளே இறக்கி, மூடியைத் திருகினேன்.

மழைக்கோட்டுக்குள் பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு கையால் வண்டி ஓட்டினேன். எதிரே வந்த டவுன் பஸ் தெருத்தண்ணீரையெல்லாம் என் மேல் வாரியடித்தது. எனக்குக் கவலையில்லை. உள்ளே இருப்பது பத்திரமாக, இதமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போனேன். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்த நேரம் என்றால் அந்த இருபத்தைந்து நிமிஷம்தான்.

ஆய்வகத்துப் பெண் சென்னையிலிருந்து இதற்கென்றே வருகிறவர். முப்பது வயது இருக்கும், பேச்சில் நிதானம். டப்பாவைப் பிளாஸ்க்கிலிருந்து எடுத்தவர் புருவத்தைச் சுருக்கினார். டப்பாவோடு உள்ளே போனார். பத்து நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்து என்னை மட்டும் கூப்பிட்டார்.

உள்ளே ஒரு திரையைக் காட்டினார். மங்கலான வெளிச்சத்தில் சின்னச் சின்னக் கோடுகளும் புள்ளிகளும் கிடந்தன. முதல் பரிசோதனையின்போதும் எனக்கு இதே மாதிரி ஒரு திரையைக் காட்டியிருந்தார்கள். அன்றைக்குக் கொஞ்சமாவது வாலை ஆட்டிக்கொண்டு ஓடின. இன்றைக்கு ஒன்றுகூட அசையவில்லை.

"தண்ணி எவ்வளவு சூட்டுல ஊத்தினீங்க சார்?"

"வெதுவெதுப்பாதான் இருந்துச்சி. கை பொறுக்குற சூடு."

அவர் என் கைகளைப் பார்த்தார். ஊதா ஏறிய நகங்கள், காய்த்துப்போன விரல்நுனிகள்.

"உங்க கைக்கா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கொதிதொட்டியில் இருபது வருஷம் ஊறிய விரலுக்கு எது வெதுவெதுப்பு, எது சூடு என்று தெரியாது. பட்டறையில் புதிதாக வருகிறவன் என் "கை பொறுக்கும் சூட்டில்" கை வைத்து அலறியதை நானே பலமுறை பார்த்துச் சிரித்திருக்கிறேன். மூன்று மாதம் சூட்டுக்குப் பயந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தவன், கடைசி அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் வேகவைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண் திட்டவில்லை. எட்டு முட்டை கிடைத்திருக்கிறது, நல்லபடியாக இருக்கிறது, ஆனால் இன்னும் சில மணி நேரத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும் என்றார். இன்னொரு மாதிரி வேண்டும். இங்கேயே, அந்த அறையிலேயே.

மனைவியிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். "டாக்டர்கிட்ட நான் சொல்லித்தான் ஆகணும் சார். உங்க வீட்ல நீங்களே சொல்லிக்குங்க, அதுதான் நல்லது" என்றார். சொல்கிறேன், கட்டாயம் சொல்கிறேன் என்றேன்.

மனைவி மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் படுத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. ஊசி ஊசியாகப் போட்டதில் புறங்கை வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"குடுத்துட்டீங்களா?"

"ஆச்சும்மா" என்றேன்.

அவள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அந்த அருவிப் பட அறைக்குப் போனேன். உள்ளே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. இரண்டு முறை யாரோ கதவைத் தட்டினார்கள். வெட்கத்தைவிடப் பெரிய பயம் வந்துவிட்டால் வெட்கம் எங்கே போகிறதென்றே தெரிவதில்லை. வெளியே வந்தபோது சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. டப்பாவை நாலடி தூரத்தில் இருந்த ஆய்வக ஜன்னலில் நீட்டினேன்.

இம்முறை சில ஓடின. நிறைய இல்லை. "எட்டு முட்டைக்கு எட்டு போதும் சார்" என்றார் அந்தப் பெண். எப்படிப் பொறுக்குவீர்கள் என்று கேட்டேன். என் பதற்றத்தைப் பார்த்துப் பாவம் என்று நினைத்திருக்க வேண்டும், நின்று சொன்னார். தலை முட்டை வடிவில் இருக்கிறதா, வால் நேராக இருக்கிறதா, நேர்கோட்டில் ஓடுகிறதா என்று பார்த்து, தேர்ந்தெடுத்ததின் வாலை ஊசிமுனையால் தட்டி நிறுத்தி, உறிஞ்சி எடுப்பார்களாம். சாயத்துக்கு முன்னால் நானும் சிட்டம் என்கிற நூல் சுருள்களை இப்படித்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிசிறு உள்ளதை ஒதுக்குவேன். அதனால் எனக்கு அந்த வேலை புரிந்தது, கொஞ்சம் தெம்பும் வந்தது. அப்படியானால் நல்லதாகவே பார்த்து எடுத்துவிடுவீர்கள் என்றேன்.

"இருக்கிறதுல நல்லதா எடுப்போம். ஆனா பார்வைக்கு நல்லா இருக்கிறது உள்ளேயும் நல்லா இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது சார்."

வந்த தெம்பு போய்விட்டது. இவர்கள் யாருக்குமே உறுதி சொல்கிற பழக்கம் கிடையாது.

எட்டில் இரண்டு கருவானது. ஒன்றை ஐந்தாம் நாள் உள்ளே வைத்தார்கள். இன்னொன்றை உறையவைத்தார்கள். முதல் மாதிரி உயிரோடு வந்திருந்தால் எத்தனை ஆகியிருக்கும் என்று டாக்டரம்மாவைத் தனியாகக் கேட்டேன். அதைச் சொல்ல முடியாது, இதே இரண்டாகவும் இருந்திருக்கலாம் என்றார். வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். அது இரண்டாவது பொய்.

அதற்குப் பிறகு ரத்தப் பரிசோதனை வரையிலான இரண்டு வாரம் எதிரிக்கும் வரக் கூடாது. அவள் தும்மினால் பயம், தும்மாவிட்டால் பயம். ஒவ்வொரு முறை அவள் கழிவறைக்குப் போய்த் திரும்பும்போதும் முகத்தைப் பார்ப்பேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பேன். இந்த நேரத்தில் அவள் மனசைக் கலைக்கக் கூடாது என்று எனக்கு நானே நல்லவனைப்போல் காரணம் சொல்லிக்கொள்வேன். அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போகத் தொடங்கியபோது பிளாஸ்க்கை எடுத்துப்போகவில்லை. சாதாரண டிபன் பாக்ஸ் ஒன்று வாங்கியிருந்தாள். கேட்டதற்கு, மூடி சரியில்லை என்றாள்.

பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அன்றைக்கு அவள் அழவில்லை. துணி துவைத்தாள், மாடியில் உலர்த்தினாள். அம்மா கூடத்தில் உட்கார்ந்து, எனக்குக் கேட்கட்டும் என்றே பேசினாள்.

"இன்னா செலவு பண்ணி இன்னாபா, அவ உடம்பு தங்க விடமாட்டேங்குது. கட்டி இருக்கிற வயித்துல எப்படி நிக்கும்?"

மாடிப்படியில் காலி வாளியோடு மனைவி நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றியது இல்லை. அந்தச் செய்தித்தாளை விரித்ததுதான்.

உறையவைத்த ஒன்றை மாசி மாதம் உள்ளே வைத்தார்கள். அது ஒன்றுதான் மிச்சம். அது நின்றது. நின்றது என்று சொல்லிவிட்டேனே தவிர, ஒன்பது மாதமும் நான் ஒரு ராத்திரிகூட முழுசாக நம்பவில்லை. கோடு வந்ததை நம்பவில்லை, துடிப்பு கேட்டதை நம்பவில்லை. எதை வெற்றி என்று எண்ணுவது என்று டாக்டரம்மா முதல் நாள் கேட்டது ஒவ்வொரு ஸ்கேனிலும் ஞாபகம் வந்தது. ஐப்பசிக் கடைசியில் பெண் பிறந்தாள். கையில் வாங்கும்போதும் டாக்டரம்மாவின் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன்.

தை மாதத்தில் ஒரு காலை. அதுவரை குழந்தையைக் குளிப்பாட்டியது அம்மாதான். அன்றைக்கு அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று ஐயம்பேட்டைக்குப் போயிருந்தாள். மனைவி குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தண்ணீர் விளாவி வையுங்கள் என்றாள். வாளியில் வெந்நீரும் பச்சைத் தண்ணீருமாகக் கலந்தேன். கையை விட்டுப் பார்த்தேன்.

"சரியா இருக்குது, எடுத்துக்கினு வா" என்றேன்.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து, முழங்கையை வாளியில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள். முழங்கை சிவந்திருந்தது. இரண்டு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினாள். மறுபடி முழங்கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் ஒரு சொம்பு ஊற்றினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"உங்க கைக்கு சூடு தெரியாதுங்க. அன்னிக்கு சாயங்காலம் அந்தப் பிளாஸ்க்கை நான்தானே கழுவினேன். ஆஸ்பத்திரி பையிலயே கெடந்துச்சி. அப்பக்கூட தண்ணி சுட்டுது."

நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தி, தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். குழந்தை வீறிட்டு அழுது, பிறகு அடங்கியது. அப்படியானால் அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்தே தெரியும். படியில் வாளியோடு நின்றபோது தெரியும். அம்மா பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்த இத்தனை மாதமும், நான் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. துண்டை எடுங்க, குழந்தைக்குக் குளிரும் என்றாள்.

சாயங்காலம் அம்மா ஐயம்பேட்டையிலிருந்து திரும்பி, ஷேர் ஆட்டோவில் இடுப்பு ஒடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். கட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, கோளாறு என்னுடையது, அதற்கு மேல் பிளாஸ்க்கில் கெடுத்ததும் நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான் இவ்வளவு காலம் பயந்திருக்கிறேன்.

அம்மா வெகுநேரம் குழந்தையின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"இதெல்லாம் அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"மொதல்லருந்தே தெரியும்மா."

"நான் பேசனதெல்லாம் கேட்டுக்கினுதானே இருந்தா" என்றாள் அம்மா.

அவள் குழந்தையை என் மடியில் கிடத்திவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, மனைவி இருந்த சமையலறைக்குப் போனாள். அங்கே இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.